ஒளிரும் பொன்னும் புற்றின் எல்லையும்

மேனாட்டார் நண்டின் பெயரால் வழங்கும் கொடிய நோயைத் தமிழர் புற்று என்று வழங்குகின்றனர். இவ்விரு பெயர்களுள் தமிழ்ப் பெயரே பொருத்தமுடையது என்பது என் துணிபு. பாரிவாக்கத்து ஏரிக்கரையை அடுத்து வளர்ந்தமையால் கறையான் புற்றை யான் சிறுபருவம் முதலே அறிவேன். நிலத்தின்மேல் முழங்காலளவாய்த் தோன்றும் மண்மேடு புற்றின் ஒரு சிறு கூறேயாம். அதன் வழிகளும் அறைகளும் மண்ணினுள்ளே எவ்வளவு தூரம் பரந்துள்ளன என்பதை மேலே நின்று காண்பவர் கூறல் இயலாது. மண்வெட்டியால் மேட்டைச் சமன்செய்துவிட்டுப் புற்று ஒழிந்தது என்று வீட்டிற்குச் செல்பவர், அடுத்த மழை பெய்து ஓய்ந்தபின் அதே இடத்திற்கு ஒரு சாண் அப்பால் புதுமண் எழுந்திருப்பதைக் காண்பர். நண்டின் கால்களையோ எண்ணிவிடலாம். புற்றின் எல்லையை எங்ஙனம் அறிவது?

இவ்வினா எனக்கு நூல்வழி எழுந்ததன்று. ஈராண்டுகளுக்கு முன் என் அத்தையாருக்கு மார்பில் ஒரு கட்டி தோன்றிற்று. ஓர் ஆஸ்பத்திரியில் மார்பை முழுதும் நீக்காது கட்டியையும் அதனைச் சுற்றிய சிறிது தசையையும் மட்டும் அறுத்தெடுத்தனர். பத்து நாட்கள் கழித்துச் சோதனைச்சாலையிலிருந்து வந்த தாளில், அறுத்தெடுத்த தசையின் ஓரத்திலும் நோயணுக்கள் உள எனக் கண்டிருந்தது. அஃதாவது, கத்தி சென்ற வழிக்கு அப்பாலும் நோய் எஞ்சியிருக்கக்கூடும் என்பது பொருள். மீண்டும் அறுவை செய்தல் வேண்டும் என்றனர். “ஐயா, முதல் முறையே எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னீர்களே?” என்று அத்தையார் வினவ, மருத்துவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்தேன், அம்மா,” என்றார். அவர் பொய் கூறினாரல்லர், பிழை செய்தாருமல்லர். மார்பைக் காத்து அறுவை செய்யுமிடத்து ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு இவ்வாறு மறுமுறை அறுக்க நேர்கின்றது என்று பல நாட்டுக் கணக்குகளும் கூறுகின்றன. முதல் அறுவைக்கு அத்தையாரின் வளையல்கள் நான்கும் பூந்தமல்லி அடகுக் கடைக்குச் சென்றன; இரண்டாம் அறுவைக்குக் கழுத்துச் சங்கிலி சென்றது.

கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் என்ற அச்சொல்லே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் பௌதிகமும் ரசாயனமும் பேசப் புகுதல் துணிச்சலே. அவ்வத்துறை மாணவர் குறை காணின் பொறுத்தருள்க. விடுதியில் என் அறைத்தோழர் ரசாயன மாணவர். அடகுக் கடையிலிருக்கும் பொன்னைப்பற்றி யான் வருந்தியிருந்த ஒரு மாலையில், “பொன் ஒளிவிடும் என்பதை அறிவாயோ?” என்று அவர் தொடங்கியதே இதற்கு முதல்.

பொன் மின்னும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் மின்னுதல் வேறு, ஒளிவிடுதல் வேறு. பொன் மின்னுவது பிறிதோர் ஒளியைத் திருப்பி வீசுதலே. இருட்டறையில் வளையல் தெரியாது. கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை நோக்கியிருப்பீர்கள். அவ்விளக்கின்கீழ் நோட்டிலுள்ள சில இழைகளும் எண்களும் தமக்கெனத் தனி நிறத்துடன் சுடர்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை அவை உட்கொண்டு, அதன் ஆற்றலில் ஒரு பகுதியை உள்ளே இழந்து, எஞ்சியதைப் புலனாகும் ஒளியாய் வெளிவிடுகின்றன. இதனையே ஒளிர்தல் என்கிறோம். பொற்கட்டியை அவ்விளக்கின்கீழ் எத்தனை நாழிகை வைத்தாலும் இவ்வாறு சுடராது.

ஆனால் பொன்னைப் பொடிக்கப் பொடிக்க அதன் இயல்பே மாறுகின்றது. கி.பி. 1857-ஆம் ஆண்டில் இலண்டனில் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் பொன்னை மிக நுண்ணிய துகளாக நீரில் பிரித்தபோது நீர் மாணிக்கச் சிவப்பாயிற்று. அவர் செய்த அந்நீர்க் குப்பிகளுள் சில இன்றும் அங்குள்ள இராயல் நிலையத்தில் நிறம் மாறாமல் உள்ளன. அத்துகள்களை அளக்கும் கோல் நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடியாய்ப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. நம் மயிரிழையின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், பத்து இருபது நானோமீட்டர்த் துகளின் சிறுமையை ஒருவாறு உணரலாம். இத்துகள்களும் சிவக்குமேயன்றி, சொல்லத்தக்க அளவில் ஒளிர்வதில்லை. இன்னும் சிறிதாக்கி, சுமார் இரண்டு நானோமீட்டருக்கும் கீழே இறங்கி, ஒரு திரளில் இருபது முப்பது அணுக்களே உள என்னும் நிலையை எய்தும்போது பொன் தன் உலோகத் தன்மையையே இழந்துவிடுகின்றது.

இதன் காரணத்தை அறைத்தோழர் கிணற்றைக் காட்டி விளக்கினார். பொற்கட்டியில் எலக்ட்ரான்கள் ஏற்றத்தின் சரிவில் நடக்கும் மாடுகளைப்போல எவ்வுயரத்திலும் நிற்கலாம், தடையில்லை. சில அணுக்களேயுள்ள திரளில் அவற்றிற்குச் சரிவு இல்லை, கிணற்றுப் படிகளே உண்டு. இரு படிகளுக்கு இடையில் நிற்றல் இயலாது. கதிரொளி பட்டு மேற்படிக்கு ஏறிய எலக்ட்ரான் கீழ்ப்படிக்குக் குதிக்கும்போது அவ்விரு படிகளின் இடைவெளிக்கு ஏற்ற நிறமுள்ள ஒளியை வீசுகின்றது. திரளின் அளவு மாறினால் படிகளின் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் நிறம் மாறும். இவ்வளவே சூட்சுமம். உலோகமல்லாத வேறு சில பொருள்களில் அளவுக்கேற்ப நிறம் மாறுதலைக் கண்டறிந்தும் அவற்றைச் செவ்வையாய்ச் செய்யும் முறையை வகுத்தும் புகழ்பெற்ற எகிமோவ், புரூஸ், பவெண்டி என்னும் மூவர்க்கே 2023-ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அவர்தம் குவாண்டம் புள்ளிகள் மிகப் பிரகாசமானவை. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை காட்மியம் என்னும் நஞ்சுள்ள உலோகத்தால் ஆனவை. எலியின் உடலில் செலுத்தி வியக்கலாமேயன்றி நோயாளியின் குருதியில் விட எவரும் துணியார். இந்த இடத்திலேதான் பொன் சிறக்கின்றது.

2009-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளிப்பட்ட ஒரு முறை சமையற் குறிப்பைப்போல எளியது. பசுவின் குருதியிலிருந்து எடுத்த ஆல்புமின் என்னும் புரதத்தைப் பொன்னுப்பு கரைந்த நீருடன் கலக்கவேண்டும். சிறிது காரம் சேர்த்து, மனித உடற்சூடாகிய 37 பாகையில் பன்னிரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். வெளிர்மஞ்சள் நீர் பழுப்பாக மாறும். புரதமே பொன்னுப்பைப் பொன்னாக்கி, இருபத்தைந்து அணுக்கள் கொண்ட திரள்களாய்த் தன் மடிப்புகளுள் பொதிந்து வைத்துக்கொள்கின்றது. புற ஊதா விளக்கின்கீழ் அப்பழுப்பு நீர் செந்தணல்போல் ஒளிரும்.

அதே ஆண்டில் நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் அவர்களின் குழுவினர், இருபத்தைந்து அணுத் திரளிலிருந்து இருபத்துமூன்று அணுத் திரளைப் பெற்று, அது அகச்சிவப்பை அடுத்த ஒளியை மிகுதியாய் வீசக் கண்டனர். அதனைக்கொண்டு கல்லீரற் புற்றின் உயிரணுக்களை அடையாளம் காட்டவும் செய்தனர். அடுத்த ஆண்டு, 2010-இல், கொச்சி அமிர்தா நானோ விஞ்ஞான நிலையத்தார் பிரதீப் குழுவினரோடு கூடி, ஆல்புமினுள் பொதிந்த பொற்றிரளின்மேல் போலிக் அமிலத்தைப் பிணைத்து, அது புற்றணுக்களை நாடிச் சென்று பற்றி ஒளிர்வதை வெளியிட்டனர். கிண்டி பாரிவாக்கத்திலிருந்து எத்தனை தூரம்! இரண்டு பேருந்துகள் மாறினால் அடையலாம். நம் ஊர்க்கு இவ்வளவு அணித்தே இது நிகழ்ந்திருப்பதை யான் பத்தொன்பது வயதுவரை அறியாதிருந்தேன் என்பதைச் சொல்ல நாணுகின்றேன்.

ஒளி சிவப்பாகவோ அதற்கும் அப்பாற்பட்டதாகவோ இருக்கவேண்டியது ஏன் என்று கேட்கலாம். இரவில் கைப்பேசியின் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். வெள்ளொளி உள்ளே சென்றாலும் விரல்களின் வழியே வெளிவருவது செவ்வொளி மட்டுமே. நீலத்தையும் பச்சையையும் குருதி விழுங்கிவிடுகின்றது. அகச்சிவப்பிலும் மிக அப்பால் சென்றால் உடலிலுள்ள நீரே அதனை விழுங்கும். ஆகவே ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள ஒளிக்கே உடலில் ஒரு சாளரம் திறந்திருக்கின்றது. கொச்சியில் செய்த பொற்றிரள் வீசிய ஒளி சுமார் 674 நானோமீட்டர். சாளரத்தின் வாயிலுக்குள் வந்துவிட்டது.

போலிக் அமிலம் என்பது கீரையில் மிகுந்துள்ள ஓர் உயிர்ச்சத்து. கருவுற்ற பெண்களுக்கு மாத்திரையாய்க் கொடுக்கப்படுவதும் அதுவே. விரைந்து பெருகும் உயிரணுக்களுக்கு இது இன்றியமையாதது. ஆதலின் பலவகைப் புற்றணுக்கள் இதனைப் பற்றி இழுத்துக்கொள்ளும் கைகளைத் தம் மேற்புறத்தில் மிகுதியாய் வளர்த்துக்கொள்கின்றன. அவ்விரையைத் துகளின்மேல் பூசிவிட்டால் புற்றணு உணவென எண்ணித் துகளையும் உள்ளே இழுக்கின்றது. தூண்டில் என்பதே இதற்குத் தக்க பெயர்.

இவ்விடத்து ஒருவரை நினையாது மேற்செல்லல் ஆகாது. போலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கும் வழியை 1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் கண்டனர். அங்கு ஆராய்ச்சிக்குத் தலைவராயிருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கோதாவரிப் பக்கத்தவராயினும் சென்னையில் கற்றவர். மாகாணக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். கதராடை அணிந்து ஆசிரியர் ஒருவரின் வெறுப்பிற்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாகத் தாழ்ந்த சான்றிதழே பெற்று வெளியேறினார் என்பர். போலிக் அமிலத்தைப்போலவே தோன்றி உயிரணுவை ஏமாற்றும் மருந்துகளையும் அவர் குழுவினரே ஆக்கினர். அவற்றுள் ஒன்றைக்கொண்டு பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றைச் சில திங்களேனும் தணியச் செய்ததை 1948-இல் வெளியிட்டார். சுப்பாராவ் அதே ஆண்டில் காலமானார். புற்றணுவின் பசியையே அதற்குக் கண்ணியாக்கலாம் என்னும் எண்ணம் அன்றே தோன்றிவிட்டது. கண்ணியில் விளக்கை மாட்டியதே பிற்காலத்தார் செய்தது.

கொச்சியில் சோதித்த உயிரணுக்களுள் ஒருவகை எம்.சி.எப்.7 எனப்படும் மார்புப் புற்றணு. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளர்க்கப்படும் இவ்வணுக்கள், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1970-ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்த ஒரு கன்னியாஸ்திரீயின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை. அவ்வம்மையார் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரைக் கொன்ற அணுக்கள் மட்டும் கண்ணாடித் தட்டுகளில் வாழ்ந்து, தம்மைக் கொல்லும் வழியைக் கற்பித்துவருகின்றன. இதனை அறிந்த அன்று எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

காட்டுதல் ஒன்று; மாய்த்தல் மற்றொன்று. மாய்ப்பதற்கும் பொன் உதவுகின்றது. மணலின் சத்தாகிய சிலிக்காவை உருண்டையாக்கி அதன்மேல் மெல்லிய பொற்றகடு போர்த்தால், அவ்வுருண்டை அகச்சிவப்பை அடுத்த ஒளியை விழுங்கி வெப்பமாய் மாற்றும். டெக்சாஸ் நாட்டு ரைஸ் சர்வகலாசாலையில் நவோமி ஹாலாஸ், ஜெனிபர் வெஸ்ட் என்னும் பெண்மணிகள் 2003-இல் இதனை எலிகளில் காட்டினர். 2019-இல் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுற்ற 16 ஆடவர்க்கு இம்முறை சோதிக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. பதினாறு பேர் என்பது சிறு தொகையே. எனினும் எலியில் காட்டியதற்கும் இச்செய்தி வெளியானதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள் ஆயின என்பதைக் கருதவேண்டும்.

பொன்னன்றி வேறொரு வழியும் உண்டு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்பது அருமண் உலோகங்களின் கருவூலம். அக்குடும்பத்தைச் சேர்ந்த இட்டெர்பியம், எர்பியம் முதலியன கலந்த துகள்கள், புலனாகாத அகச்சிவப்புக் கதிரை உண்டு பச்சையும் சிவப்புமாகிய ஒளியை உமிழும். தாழ்ந்த ஆற்றலுள்ள இரண்டைச் சேர்த்து உயர்ந்த ஒன்றாக்கும் விந்தை. சிங்கப்பூர்த் தேசிய சர்வகலாசாலையார் 2012-இல் இத்துகள்களில் ஒளிபட்டால் நஞ்சாகும் மருந்தை ஏற்றி, எலியின் கட்டியில் உள்ளிருந்தே விளக்கேற்றி அணுக்களை அழித்தனர். அக்கட்டுரை எழுதினோர் வரிசையில் தமிழ்ப் பெயரும் உளது.

இவ்வளவும் கேட்டபின், அடுத்த ஆண்டே யாவரும் பிழைப்பர் என்று மகிழ்ந்துவிடுதல் தகாது. யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். குருதியில் விட்ட துகள் யாவும் புற்றை அடைவதில்லை. பத்தாண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கனடா நாட்டுத் தொரோந்தோ சர்வகலாசாலையினர் 2016-இல் கணக்கிட்டபோது, விலங்குகளின் உடலில் செலுத்திய துகள்களுள் நூற்றுக்கு 0.7 பங்கே கட்டியைச் சென்றடைந்தது எனக் கண்டனர். நூறு கடிதம் எழுதி ஒன்றும் முழுதாய்ச் சேராத அஞ்சலை எவர் மெச்சுவர்? எஞ்சியவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிறுநீர் வழியே வெளியேறவேண்டின் துகளின் அளவு ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும் என்று 2007-இல் கண்டனர். பொற்றிரள் ஒரு நானோமீட்டரே யாயினும் அதனைச் சூழ்ந்த புரதத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். ஆகவே அதுவும் எளிதில் நழுவுவதன்று. ஒளியும் செவ்வியதாயினும் தசையினுள் ஒரு விரற்கடை அளவே நன்கு ஊடுருவும். மார்பின் ஆழத்திலும் வயிற்றினுள்ளும் கிடக்கும் நோயை வெளியே நின்று காட்டாது.

ஆயின் அறுவை மேடையில் உடல் திறந்திருக்கும்போது அவ்விரற்கடையே போதுமன்றோ? புற்றின் மேட்டை வெட்டியபின், அகன்ற குழியின் ஓரங்களில் ஒளிரும் புள்ளி உண்டா இல்லையா என்று காண்டலே அங்கு வேண்டுவது. ஆராய்ச்சியாளர் பலர் இன்று இவ்வழியே செல்கின்றனர். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையார் செய்த, சாயத்தைச் சிலிக்காவினுள் பொதிந்த ஆறேழு நானோமீட்டர்த் துகளுக்கு 2011-இல் மனிதரிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது. தோற்புற்று முற்றிப் பரவிய ஐவர் உடலில் செலுத்தியதில் தீங்கின்றிச் சிறுநீரோடு வெளியேறிற்று என 2014-இல் வெளியிட்டனர். துகள்கள் இவ்வாறு ஊர்ந்துவர, ஒளிரும் சாயங்கள் முந்திக்கொண்டன. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில், மார்புக் கட்டியை அகற்றியபின் குழியில் எஞ்சிய நோயைக் காட்டும் ஒளிர்மருந்து ஒன்றை அமெரிக்க அரசு ஏற்றது. அத்தையாரின் முதல் அறுவைக்கும் அம்மருந்திற்கும் இடையே இருந்தது காலமன்று, கடலும் விலையுமே.

இங்கு ஒன்று கூறி அமைவேன். பொன்னைப் பற்பமாக்கி உண்ணும் வழக்கம் நம் சித்த மருத்துவத்தில் உண்டு. அதனைச் சுட்டி, நானோ விஞ்ஞானம் யாவும் சித்தர் அன்றே கண்டது எனச் சிலர் மேடையில் முழங்கக் கேட்டுள்ளேன். தமிழ்மீது எனக்குள்ள பற்று எவர்க்கும் குறைந்ததன்று. எனினும் இருபத்தைந்து அணுக்களை எண்ணிப் பொதிந்து அதன்மேல் தூண்டில் மாட்டுவது வேறு, புடமிட்டுப் பொடி செய்வது வேறு. முன்னோர்க்கு இல்லாத புகழைச் சூட்டுதலால் அவர் பெருமை உயர்வதில்லை. அதனினும், தன் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரால் தூண்டப்பட்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்தை எண்ணிப் பெருமை கொள்வது நமக்கு எளிது, உண்மையுமாம்.

சென்ற விடுமுறையில் இவற்றை எல்லாம் அத்தையாருக்குச் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “அதற்கு எத்தனை பவுன் ஆகுமப்பா?” என்றார். யான் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டேன். ஒரு பவுன் எட்டு கிராம். அதனை இருபத்தைந்து அணுத் திரள்களாய்ப் பகுத்தால், கோடியைக் கோடியால் பெருக்கி அதனை மீண்டும் கோடியால் பெருக்கிவரும் தொகைக்குச் சற்றே குறைவான திரள்கள் கிடைக்கும். அத்தையார் அத்தொகையைக் கேட்டு நகைத்தார். இரண்டாம் அறுவைக்குப்பின் வந்த தாளில் ஓரங்கள் தூயவை என்றே இருந்தன. ஆறு திங்களுக்கு ஒருமுறை சோதனைக்குச் சென்று வருகின்றார். வளையல்களை மீட்டுவிட்டோம். சங்கிலி இன்னும் பூந்தமல்லியில் இருக்கின்றது.